தண்ணீர் சிவந்தால் மேலே ஏறு!



கார்த்திகை, மார்கழி வந்துவிட்டால் பால்மரத் தீம்பாரில் நமக்கு ஒரே கவலைதான். மழை பெய்தால் வெட்ட முடியாது. வெட்டினாலும் மங்கில் பாலுக்குப் பதில் தண்ணீர்தான் நிற்கும். குளிர்நாடுகளில் அதே மாதங்களில் பனியில் புதைந்தவர்களைத் தேடி நாய்களோடு மலையேறுகிறார்கள். நம் மலைகளில் பனி கிடையாது. இங்கே ஆளை மூடுவது மண்ணும் தண்ணீரும்.

ஆண்டிறுதி விடுமுறை வந்ததும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? வேன் பிடித்து உலு யாம், கஞ்சிங், சுங்கை கொங்காக், ஜண்டா பாய்க் என்று கிளம்பி விடுகிறார்கள். போகட்டும், நாம் குறை சொல்லவில்லை. காசு கேட்காமல் ஏழைப் பிள்ளைக்கு இடம் கொடுப்பது ஆறு ஒன்றுதான். ஆனால் எங்கே போகிறோம், அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு போக வேண்டாமா?

2022 டிசம்பர் 16, வெள்ளிக்கிழமை. பத்தாங்காலியிலிருந்து கெந்திங் மலைக்குப் போகும் சாலையோரம் ஒரு முகாம். 92 பேர் இருந்தார்கள். கோலாலம்பூர் சீனப்பள்ளி ஒன்றின் ஆசிரியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் அதில் அடக்கம். அதிகாலை இரண்டு மணியைத் தாண்டிய நேரம், எல்லாரும் கூடாரத்தில் அயர்ந்து தூங்கும் வேளை. மலை சரிந்தது. நாலரை லட்சம் கன மீட்டர் மண் இறங்கியதாக அன்று கணக்குச் சொன்னார்கள். 61 பேர் பிழைத்தார்கள், 31 பேர் போனார்கள். அந்த 31 பேரில் 13 பேர் குழந்தைகள்.

தீயணைப்புப் படை, போலீஸ், ராணுவம், மோப்ப நாய்கள், மண்வாரி இயந்திரங்கள் எல்லாம் வந்தன. மண்ணுக்குள் ஒரு தாயும் பிள்ளையும் கட்டிப்பிடித்தபடி கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். கடைசி உடல் ஒரு சிறுவனுடையது. அது கிடைத்தது டிசம்பர் 24ஆம் தேதி. ஒன்பது நாள், தோழர்களே! மேலே மண் இன்னும் ஈரம். எந்த நேரமும் மறுபடி சரியலாம் என்று தெரிந்தும் அதற்குள் இறங்கித் தோண்டிய அந்தப் பிள்ளைகளும் கூலிக்காரர்கள்தான். அவர்களுக்கு நம் வணக்கம்.

(பத்தாங்காலி என்ற பெயர் தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. 1948 டிசம்பரில் அங்கே ரப்பர் தோட்டத்துச் சீனத் தொழிலாளர் 24 பேரை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்றது. அந்தக் கதையை இன்னொரு வாரம் எழுதுவோம்.)

அன்று இரவு பேய்மழை இல்லை. சில நாளாகத் தூறல்தான் என்று பிழைத்தவர்களில் சிலர் சொன்னார்கள். பிறகு எப்படிச் சரிந்தது? வீட்டில் கோதுமை மாவு பிசைகிறீர்களே, அதைப் பாருங்கள். தண்ணீர் அளவாக இருந்தால் உருண்டை நிற்கும், கூடினால் கையில் வழியும். மலை மண்ணும் அப்படித்தான். நாள் கணக்கில் குடித்த தண்ணீர் உள்ளே தங்கி, பாரம் ஏறி, பிடிப்பு விட்டுப் போகிறது. அதனால் மழை விட்டாச்சு, இனிப் பயமில்லை என்று நினைப்பது தப்பு.

டிசம்பர் மாதத்தையே பாருங்களேன். 1993 டிசம்பர் 11இல் ஹைலண்ட் டவர்ஸ் மாடிக் கட்டடம் சாய்ந்து 48 பேர் மாண்டார்கள். 2008 டிசம்பர் 6இல் புக்கிட் அந்தாராபங்சா சரிந்தது. அதற்காக மற்ற மாதம் பத்திரம் என்று அர்த்தமில்லை. 1995 ஜூன் 30இல் கெந்திங் செம்பா சாலையில் வந்த மண் வெள்ளம் 20 பேரைக் கொண்டுபோனது.

பத்தாங்காலி முகாமுக்கு விவசாயம் செய்ய அனுமதி உண்டு, முகாம் நடத்த உரிமம் இல்லை என்று அமைச்சரே அப்போது சொன்னார். காசு கொடுத்துப் படுக்க வந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? இனி மலையடியில் கூடாரம் போடுகிறவர்கள் வாய்விட்டுக் கேளுங்கள்: "அண்ணே, லைசென்ஸ் இருக்கா?" முறைத்தால் முறைக்கட்டும்.

உல்லாசத்துக்குப் போகிறவன் ஒரு ராத்திரி படுக்கிறான். மலையடியில் வருஷம் பூரா படுப்பவன் தொழிலாளி. 2024 ஜனவரி 26இல் கேமரன் மலை புளூவேலியில் மண் சரிந்து மியன்மார் தொழிலாளர் ஐவர் மாண்டார்கள். நாம் போய் வந்த ஒரு தோட்டத்திலும் லயத்துக்குப் பின்னால் மேடு பிளந்து கிடந்தது, கை நுழையும் அளவுக்கு. நிர்வாகத்திடம் சொன்னோம். "வெயில் வந்தா சேர்ந்துக்கும்" என்றார்கள்! அன்று இரவே நான்கு குடும்பங்களைக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் அந்த மேடு இறங்கி இரண்டு அடுப்படியை மூடியது. உள்ளே ஆள் இல்லாததால் அது பேப்பரில் வரவில்லை.

மேடு பிளந்தால், மரம் திடீரென்று சாய்ந்தால், காய்ந்த இடத்தில் சேற்றுத் தண்ணீர் ஊறினால், கதவு நிலையில் இறுகினால் மண்டோரிடம் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுத்து, ஒரு நகலைச் சங்கக் கிளையில் வையுங்கள். ஆள் சிக்கிவிட்டால் 999.

இனி ஆற்றுக்கு வருவோம். மலாய்க்காரர்கள் 'கெபாலா ஆயர்' என்பார்கள். மேலே மலையில் மழை கொட்டும்போது, கீழே நாம் குளிக்கிற இடத்தில் வெயில் அடிக்கும். விழுந்த மரமும் சருகும் ஆற்றை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி வைக்கும். அடைப்பு உடைந்ததும் மரக்கட்டை, பாறையோடு மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கும். 2021 ஆகஸ்ட் 18இல் கெடா ஜெராய் மலையிலிருந்து அப்படி இறங்கிய வெள்ளத்தில் ஆறு பேர் போனார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பங்களோடு உலு யாம் போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். பிள்ளைகள் தண்ணீரில், பெண்கள் பாறைமேல் சோற்றைப் பிரித்துக் கொண்டிருந்தார்கள். முப்பது வருஷம் பால் வெட்டிய ஓர் ஆயா திடீரென்று எழுந்து நின்றார்.

"டேய், மேல ஏறுங்கடா! தண்ணி செவக்குது, சருகு வருது பாரு!"

"ஆயா, வெயில் அடிக்குது, சும்மா இருங்க" என்று ஒரு தம்பி சிரித்தான். ஆயா அவன் தலைமுடியைப் பிடித்தே இழுத்தார். நாமும் ஓடி, சின்னவர்களைத் தூக்கிக் கரை ஏறினோம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நாம் சோறு வைத்திருந்த பாறை கண்ணுக்குத் தெரியவில்லை. காளை மாட்டைப்போல ஒரு மரம் உருண்டு போனது.

யாரும் பேசவில்லை. பிள்ளைகளை இரண்டு தடவை எண்ணினோம், எல்லாரும் இருந்தார்கள். சிரித்த அந்தத் தம்பிக்கு உதடு நடுங்கிக் கொண்டிருந்தது. ஆயா ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் அடுக்குச் சட்டி போச்சே தம்பி" என்றார் நம்மிடம். "போனஸ் காசுல வாங்கினது."