உங்கள் கைக்கு ஏற்ற மட்டை எது?



'டக்... டக்... டக்...' என்று ஒரு சத்தம். மரங்கொத்தியா? இல்லை. டேபிள் டென்னிஸ் பந்து மேசையில் துள்ளும் சத்தம்தான் அது. இந்த விளையாட்டைக் கற்றுக்கொள்ள உங்களில் பலருக்கு ஆசை இருக்கும். அப்பாவிடம் மட்டை வாங்கித் தரச் சொல்லிக் கேட்டும் இருப்பீர்கள். கடைக்குப் போவதற்கு முன்னால், இந்த வாத்தியார் செய்த ஒரு தவறைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏறினால், கச்சிராயபாளையத்தைத் தாண்டி வளைந்து வளைந்து மலை ஏறிப் போக வேண்டும். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பக்கத்தில் நான் ஆசிரியராக இருந்தேன். அப்போது அது விழுப்புரம் மாவட்டம். 2019-இல்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது.

எங்களிடம் டேபிள் டென்னிஸ் மேசை கிடையாது. சாப்பாட்டு மேசைகள் இரண்டைச் சேர்த்துப் போடுவோம். வலைக்குப் பதிலாக நடுவில் இரண்டு செங்கல், அவற்றின்மேல் ஒரு பலகை. அவ்வளவுதான்! அதில் ஒரு பையன் அருமையாக விளையாடுவான். அவனுடைய அப்பா மரவள்ளிக்கிழங்கு விற்ற பணத்தில் கொஞ்சம் எடுத்து என் கையில் கொடுத்தார். "சார், நீங்களே நல்லதாப் பார்த்து வாங்கியாங்க" என்றார்.

நான் சேலத்துக்குப் போனேன். "பெரிய வீரர்கள் ஆடுகிற மாதிரி மட்டை கொடுங்கள்" என்று கேட்டேன். கடைக்காரரும் நான் கேட்டதைத்தான் கொடுத்தார். பளபளவென்று இருந்தது.

மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? பையன் மெல்லத் தொட்டாலும் பந்து மேசையைத் தாண்டிப் பறந்தது. பத்துப் பந்து அடித்தால் எட்டு வெளியே! மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு வாரம் பார்த்தான். பிறகு மட்டையை என் மேசைமேல் வைத்துவிட்டு, "எனக்கு இந்த விளையாட்டு வராது சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

தவறு அவன் கையிலா இருந்தது? இல்லை குழந்தைகளே, தவறு என்னுடையது.

பந்து ஏன் பறந்தது?

டேபிள் டென்னிஸ் மட்டையில் மூன்று பாகங்கள் உண்டு. நடுவில் மரப்பலகை. அதன்மேல் ஸ்பாஞ்சு. அதற்கும் மேலே ரப்பர்.

பந்து பட்டதும் ஸ்பாஞ்சு அமுங்கும். உடனே வில்லைப்போல் நிமிர்ந்து பந்தைத் தள்ளும். ஸ்பாஞ்சு தடிமனாக இருந்தால் தள்ளும் வேகமும் அதிகம். மேலே இருக்கும் ரப்பர் பந்தைப் பற்றிக்கொண்டு சுழல வைக்கும். பலகையின் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பது விதி. மீதிப் பங்கில் கார்பன் இழை போன்றவற்றைச் சேர்த்து வேகத்தைக் கூட்டுவார்கள்.

மேசையின் நீளமோ 2.74 மீட்டர்தான். பந்தின் எடை 2.7 கிராம். இவ்வளவு சின்ன மேசையில், இவ்வளவு லேசான பந்தை, வேகமான மட்டையால் அடித்தால் பழகாத கை என்ன செய்யும்?

சத்தம் போடாத மட்டை

மட்டையில் ஒட்டும் பொருள் ஆட்டத்தையே மாற்றிவிடும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதை உண்டு. 1952-இல் உலக டேபிள் டென்னிஸ் போட்டி பம்பாயில் (இன்றைய மும்பை) நடந்தது. ஜப்பானிலிருந்து ஹிரோஜி சாட்டோ என்ற வீரர் வந்தார். மற்றவர்கள் புள்ளிப்புள்ளியாக முனை உள்ள ரப்பர் மட்டையோடு வந்திருந்தார்கள். சாட்டோவின் மட்டையில் தடித்த ஸ்பாஞ்சு! பந்து பட்டால் பழகிய அந்த 'டக்' சத்தம் கேட்கவில்லை. எதிராளிகள் திகைத்துப் போனார்கள். ஒற்றையர் பட்டம் சாட்டோவுக்கே கிடைத்தது.

அதன்பிறகு ஆளுக்கொரு விதமாக ஸ்பாஞ்சு ஒட்ட ஆரம்பித்தார்கள். 1959-இல் உலகச் சம்மேளனம் இதற்கு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஸ்பாஞ்சும் ரப்பரும் பசையும் சேர்ந்து 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அந்த விதி இன்றும் இருக்கிறது.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

"சாம்பியன் மட்டை கொடுங்கள்" என்று என்னைப்போலக் கேட்காதீர்கள். "புதிதாகக் கற்றுக்கொள்கிறேன். வேகம் குறைவாக, கட்டுப்பாடு அதிகமாக உள்ளது வேண்டும்" என்று கேளுங்கள்.

பலகை: முழுவதும் மரத்தால் ஆனது போதும். ஐந்து அடுக்கு மரப்பலகை நல்லது. கார்பன் வேண்டாம்.

ஸ்பாஞ்சு: 1.5 முதல் 1.8 மில்லிமீட்டர் தடிமன் போதும். ஸ்பாஞ்சே இல்லாத விளையாட்டுச் சாமான் மட்டையும் வேண்டாம். அதில் பந்து வழுக்கும். சுழற்றப் பழக முடியாது.

ரப்பர்: வழவழப்பான பக்கம் வெளியே தெரியும் ரப்பர் நல்லது. நீண்ட முனைகள் உள்ள ரப்பரும் விற்பார்கள். எதிராளி சுழற்றி அனுப்பும் பந்தை அது ஏறுமாறாகத் திருப்பி அனுப்பும். 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்ற மணிகா பத்ரா, மட்டையின் ஒரு பக்கத்தில் இதைத்தான் பயன்படுத்துகிறார். ஆனால் அதற்குப் பின்னால் பல ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. தொடக்கத்திலேயே அதை வாங்கினால் அடிப்படை அடிகள் பழகாமலே போய்விடும்.

நிறம்: ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறம். எந்தப் பக்கத்தால் அடிக்கிறீர்கள் என்று எதிராளிக்குத் தெரிய வேண்டுமல்லவா?

கைப்பிடி: யாருக்கோ கைகுலுக்குவதுபோல மட்டையைப் பிடித்துப் பாருங்கள். விரல்கள் இறுக்கமில்லாமல் சுற்றிப் பிடிக்க வேண்டும். அடிப்பக்கம் கொஞ்சம் விரிந்த கைப்பிடி என்றால் கையிலிருந்து நழுவாது. ஐந்து நிமிடம் பிடித்தும் மணிக்கட்டு வலித்தால் அது உங்களுக்கு அதிக எடை.

பந்து: 2000-இல் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. 2014 முதல் பெரிய போட்டிகளில் செல்லுலாய்டு பந்து போய் பிளாஸ்டிக் பந்து வந்துவிட்டது. மூன்று நட்சத்திரம் போட்ட பந்து போட்டிக்கு. பழகுவதற்கு விலை குறைந்த பயிற்சிப் பந்து போதும். வாங்கும்போது மேசைமேல் பம்பரம்போலச் சுழற்றி விடுங்கள். ஆடாமல் சுழன்றால் நல்ல பந்து. தள்ளாடினால் வைத்துவிடுங்கள்.

சட்டையையும் மறக்காதீர்கள். வெள்ளைப் பந்துக்கு எதிரே வெள்ளைச் சட்டை கூடாது. பந்து தெரியாது!

மட்டையைக் காப்பது எப்படி?

ரப்பரில் விரல் வைக்காதீர்கள். எங்கள் மலைப் பிள்ளைகள் பலாச்சுளை தின்ற கையோடு வந்து மட்டையைத் தொடுவார்கள். பிறகு பந்து எங்கே சரியாக வரும்? ஆடி முடித்ததும் சுத்தமான ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, உறையில் போடுங்கள். வெயிலில் வைத்தால் ரப்பர் காய்ந்துவிடும். பனிக்காலத்தில் ரப்பரில் ஈரம் படிந்தால் பந்து வழுக்கும். தோற்ற கோபத்தில் மேசைமேல் மட்டையை அடிக்கவே கூடாது!

அந்தப் பையன் என்ன ஆனான்?

ஒரு பழைய, வேகம் குறைந்த மட்டையைத் தேடி எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "விளையாட வேண்டாம். பந்தை மட்டைமேல் துள்ளவிட்டு எண்ணு, போதும்" என்றேன். முதல் நாள் ஏழு. அந்த வாரக் கடைசியில் முப்பது. பிறகு சுவரில் அடித்தான். பிறகு மேசைக்கு வந்தான். பந்து மேசையிலேயே விழுந்தது. அவன் சிரித்தான்.

ஓராண்டு கழித்து அந்தப் புது மட்டையை எடுத்தோம். பெட்டியிலேயே கிடந்து ரப்பர் காய்ந்து பிடிப்பை இழந்திருந்தது. மரம் மட்டும் நன்றாக இருந்தது. புது ரப்பர் ஒட்டுவதற்கு ஆன செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அவன் அப்பா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கிழங்குக் காசு இன்றும் என் மனதில் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

சென்னையைச் சேர்ந்த சரத் கமலைத் தெரியும்தானே? 2006-இல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். 2022-இல் பர்மிங்காமில், 40 வயதில், மீண்டும் ஒற்றையர் தங்கம்! பயிற்சியாளரான அப்பாவிடம் சின்ன வயதிலேயே பழகத் தொடங்கியவர். இத்தகைய வீரர்களின் கையில் வேகமான மட்டை நன்றாக வேலை செய்கிறது என்றால், அந்தக் கை பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. மட்டையைக் கடையில் வாங்கலாம். கைப்பழக்கத்தை வாங்க முடியுமா?

ஆகவே குழந்தைகளே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். மட்டையில் ஒரு பக்கம் ஒரு துள்ளல், மறுபக்கம் ஒரு துள்ளல் என்று மாற்றி மாற்றி, பந்து கீழே விழாமல் ஐம்பது முறை தட்டிப் பழகுங்கள். அதன்பிறகு அப்பாவிடம் வேகமான மட்டையைப் பற்றிப் பேசலாம்.

எங்கே, எண்ணத் தொடங்குங்கள் பார்க்கலாம்... ஒன்று, இரண்டு, மூன்று...