நீதிபதியே ஊர் ஊராக வந்தார்!

காட்டுக்குள் பெரிய திட்டம் வருகிறதென்றால், கருத்துக் கேட்புக் கூட்டம் எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரு மண்டபம், மேடையில் அதிகாரிகள், ஆளுக்கு இரண்டு நிமிடம், அதற்குள் மைக்கை வாங்க ஒருவர். ஐம்பது வருடங்களுக்கு முன்பு கனடாவில் ஒரு நீதிபதி இதை வேறு மாதிரி நடத்திக் காட்டினார். அவர் பெயர் தாமஸ் பெர்கர்.

1968-ல் அலாஸ்காவின் வடகரையில் எண்ணெயும் எரிவாயுவும் கண்டுபிடிக்கப்பட்டன. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, விலை எகிறியது. அந்த வாயுவை யூக்கானின் வடகரை வழியாக எடுத்துவந்து, மெக்கன்ஸி ஆற்றுப் பள்ளத்தாக்கில் குழாய் பதித்துத் தெற்கே கொண்டுபோக நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து திட்டம் போட்டன. வழியெல்லாம் டெனே, இனுவிட் மக்கள் வேட்டையாடிப் பிழைக்கும் நிலம். கேரிபூ மான்கள் பெருங்கூட்டமாக வந்து குட்டி ஈனும் கடற்கரைச் சமவெளியும் அந்த வழியில்தான்.

1974-ல் விசாரணைப் பொறுப்பு பெர்கரிடம் வந்தது. நிபுணர்களை யெல்லோநைஃப் நகரில் விசாரித்தார். அங்கே குழாயையும் மண்ணையும் பற்றியும் பேசப்பட்டது. அந்த வடபகுதியில் பல இடங்களில் நிலத்தடி மண் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும். குழாய் சூடானால் மண் உருகிக் குழையும். சரி, வாயுவைக் குளிரவைத்து அனுப்பலாம் என்றால், உறையாத மண் வரும் இடங்களில் ஈரம் பனிக்கட்டியாகி, குழாயையே மேலே தூக்கிவிடும்!

மக்களை மட்டும் அவர் தன்னிடம் வரச் சொல்லவில்லை. 35 ஊர்களுக்கு அவரே போனார். சின்னச் சின்ன ஊர்கள், பலவற்றுக்குச் சாலையே கிடையாது. சுமார் ஆயிரம் பேர் பேசினார்கள், அவரவர் மொழியில், பேசி முடிக்கும் வரை. கூடவே மொழிபெயர்ப்பாளர்கள். அன்றன்று நடந்ததை வானொலி பழங்குடி மொழிகளிலும் ஒலிபரப்ப, அடுத்த ஊர்க்காரர்கள் கேட்டுவிட்டுத் தயாராக இருந்தார்கள். நிறுவனங்களிடம் வக்கீலும் நிபுணரும் உண்டு, எதிர்த்தரப்பிடம்? அதற்காகப் பழங்குடி, சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கு அரசே பணம் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். நம் ஊரில் யாராவது கேட்டால் சிரிப்பார்கள்.

1977 மே மாதம் அறிக்கை வந்தது. வடக்கு யூக்கான் வழியாக எந்தக் காலத்திலும் குழாய் கூடாது. மெக்கன்ஸி பள்ளத்தாக்கில் போடலாம், ஆனால் பத்து வருடம் கழித்து. முதலில் நிலம் யாருக்குச் சொந்தம் என்று பழங்குடி மக்களோடு பேசி முடியுங்கள். தொழிலே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை.

திட்டம் நின்றது. 1984-ல் இனுவியலுயிட் மக்களோடு நில ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி வடக்கு யூக்கானில் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவானது. இன்று அதன் பெயர் இவ்வாவிக்.

கதை அத்தோடு முடியவில்லை. 2000-ல் பள்ளத்தாக்கின் பழங்குடி அமைப்புகள் பலவும் சேர்ந்து, புதிதாக வரும் குழாயில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு வேண்டும் என்று கேட்டன. எதிர்த்தவர்களின் பிள்ளைகளுக்கு வேலை வேண்டியிருந்தது. கையில் நில உரிமையும் வந்திருந்தது. எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை, வீடுகளுக்குள்ளேயே சண்டை. 2011-ல் அனுமதியும் கிடைத்தது. அதற்குள் தெற்கே பாறை வாயு மலிவாகக் கிடைக்கத் தொடங்க, வடக்கு வாயுவுக்கு விலை போகவில்லை. 2017 டிசம்பரில் நிறுவனங்கள் தாங்களாகவே திட்டத்தைக் கைவிட்டன.