கணக்குத் தப்பாத கருணை

2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து ரோஹிங்கியா மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வங்கதேசத்துக்கு ஓடிவந்தார்கள். சில மாதங்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்தார்கள். காக்ஸ் பஜார் மாவட்டத்தின் குன்றுகளில் மூங்கிலும் தார்ப்பாயும் கொண்ட குடிசைகள் எழுந்தன. குட்டுப்பாலோங், உலகின் மிகப் பெரிய அகதி முகாமாயிற்று. இத்தனை பேருக்கும் தார்ப்பாயும் போர்வையும் எங்கிருந்து வந்தன?

அவற்றில் ஒரு பகுதி துபாயில் காத்திருந்தது. அங்கே 2003-இல் தொடங்கப்பட்ட சர்வதேச மனிதாபிமான நகரத்தில் ஐ.நா. அகதிகள் முகமை கிடங்கு வைத்திருக்கிறது. எந்த நாட்டில், எப்போது மக்கள் வீடிழப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆபத்து வந்தபின் ஆலைக்கு ஆர்டர் கொடுத்தால், பொருள் தயாராகிக் கப்பலேறி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஆகவே பொருளை முன்கூட்டியே வாங்கி, துறைமுகமும் விமான நிலையமும் அருகருகே உள்ள ஊரில் வைக்கிறார்கள். முதல் சில நாள் தேவை விமானத்தில் பறக்கும். செலவு குறைந்த கப்பல் பின்னால் வரும்.

எவ்வளவு தேவை என்பதற்கும் அளவுகோல் உண்டு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோ கலோரி உணவு, குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்கின்றன 'ஸ்ஃபியர்' என்ற நிவாரணத் தர விதிகள். ஆளுக்கு 400 கிராம் அரிசி என்றால், 1 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 40 டன். மாதத்துக்கு 1,200 டன். 50 கிலோ மூட்டையாக எண்ணினால் 24,000 மூட்டை. பருப்பு, எண்ணெய், உப்பு எல்லாம் இதற்கு மேல்.

முகாமை ஒட்டிப் பெரும்பாலும் கட்டடக் கிடங்கு இருக்காது. மேடான, லாரி திரும்ப வசதியான இடம் பார்த்து, அலுமினியச் சட்டத்தின் மேல் தடித்த துணி போர்த்திய பெரிய கூடாரக் கிடங்கை எழுப்புகிறார்கள். அதற்குள் அரிசி மூட்டையை வெறுந்தரையில் போடுவதில்லை. மரக்கட்டை பரப்பி, அதன்மேல் மூட்டைகளை அட்டியாக அடுக்குவார்கள். தரையின் ஈரம் ஏறாமலிருக்கக் கட்டை; அட்டி சரியாமலிருக்க, செங்கல் சுவர் கட்டுவதுபோல ஒரு வரிசை நீளவாட்டில், அடுத்த வரிசை குறுக்குவாட்டில். சுவருக்கும் அட்டிக்கும் நடுவே ஆள் நடக்க இடம் விடுவார்கள். காற்றோட்டத்துக்கு மட்டுமல்ல, எலியையும் வண்டையும் ஒழுகலையும் கண்டுபிடிக்கவும், சுற்றிவந்து எண்ணவும் அந்த இடைவெளி வேண்டும்.

ஒவ்வோர் அட்டியிலும் ஓர் இருப்பு அட்டை தொங்கும். வந்தது, போனது, மீதி, தேதி, கையொப்பம். கிடங்கின் உயிர் இந்த அட்டையில்தான் இருக்கிறது. அட்டையும் பதிவேடும் கண்முன் இருக்கும் மூட்டையும் ஒத்துப்போக வேண்டும். காலாவதித் தேதி முன்னால் வருவது முன்னால் வெளியேற வேண்டும். ஊட்டமிழந்த குழந்தைக்குத் தரும் நிலக்கடலைப் பசையின் ஒரு சிறு பொட்டலம் 92 கிராம், 500 கிலோ கலோரி. புதிதாக வந்த பெட்டியை முன்னால் எடுத்துவிட்டுப் பழையதைப் பின்னால் கிடக்கவிட்டால், ஒரு குழந்தையின் உணவு கிடங்கிலேயே வீணாகும்.

வேண்டாத பொருளும் கிடங்கை அழிக்கும். 1992 முதல் 1996 வரை போஸ்னியப் போரின்போதும் அதன் பின்னும் உலகம் மருந்துகளை அள்ளி அனுப்பியது. அவற்றில் சுமார் 17,000 டன் பயன்படாதவை என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். காலாவதியானவை, அங்கிருந்த நோய்களுக்குப் பொருந்தாதவை, எந்த மருந்தென்றே அறிய முடியாதவை. அவற்றைப் பிரித்தெடுக்கவும் அழிக்கவும் ஆளும் பணமும் இடமும் செலவாயின. 1996-இல் உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கு விதிமுறை வெளியிட்டது: கேட்ட மருந்தையே அனுப்ப வேண்டும், போய்ச் சேரும்போது பொதுவாக குறைந்தது ஓராண்டு ஆயுள் மிஞ்சியிருக்க வேண்டும்.

கிடங்கிலிருந்து புறப்படும் லாரியோடு சரக்குச் சீட்டு போகிறது. பெற்றுக்கொள்பவர் எண்ணிப் பார்த்து, குறைவையும் சேதத்தையும் அதிலேயே எழுதிக் கையெழுத்திடுகிறார். முகாமில் பதிவட்டையைக் காட்டிக் குடும்பங்கள் தங்கள் பங்கை வாங்குகின்றன. கடைசியில் நிற்கும் பெண்மணிக்கும் முதலில் நின்றவருக்குக் கிடைத்த அளவே கிடைக்கிறதென்றால், அதற்குக் காரணம் எங்கோ ஒருவர் மூட்டைகளைப் பிழையில்லாமல் எண்ணியதுதான்.

அடுத்த முறை அகதிகளுக்கோ, நம் ஊர் வெள்ளத்தில் தவிப்போருக்கோ உதவ மனம் எழும்போது, வீட்டில் மிஞ்சிய துணியை மூட்டை கட்டுவதற்கு முன் களத்தில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களுக்கு என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும்?" அவர்கள் பணம் என்று சொன்னால் பணமே கொடுங்கள்.