தேய்பிறை நவமியில் படகேறுங்கள்

சிம்பாங் அம்பாட்: இந்தியக் குடிமக்களுக்கு மலேசியா தந்திருக்கும் விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரைதான். அதனால் பத்து காவான் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் முதல் இங்கேயே பிறந்தவர்கள் வரை, "ஊரிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், பக்கத்தில் எங்கே கூட்டிப்போவது?" என்று எழுதிக் குவிக்கிறார்கள். பாலத்தையும் ஐகியாவையும் விட்டுவிடுவோம். புக்கிட் தம்புன் மீனவர் கிராமம், பத்து மூசாங் துறையிலிருந்து படகில் பூலாவ் அமான் தீவு, இருட்டியதும் நிபோங் திபால் பக்கம் கிரியான் ஆற்றில் மின்மினிகள். ஒரு நாளுக்கு இது தாராளம்.

குழப்பமெல்லாம் எப்போது போவது என்பதில்தான். தண்ணீர் ததும்பி நின்றது என்கிறார் ஒரு வாசகர். கண்ணுக்கெட்டிய தூரம் சேறு என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மை. சுற்றுலா விளம்பரங்களில் மட்டும் கடல் எப்போதும் நிறைந்தே இருக்கும். படம் எடுப்பவர் ஏற்றம் பார்த்துத்தானே வருவார்.

சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர் அளவே வித்தியாசம். ராமேஸ்வரத்தில் அதுவும் இல்லை. ஆகவே அங்கிருந்து வருபவர்கள் இதை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. பினாங்கிலோ, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் இரண்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். கரை ஆழமில்லாத சேற்றுக்கரை என்பதால், இரண்டு மீட்டர் இறங்கினால் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும். படகு தாழ்ந்து கிடக்கும். ஏறுவது வயதானவர்களின் முழங்காலுக்குச் சோதனை.

இங்கேதான் நம் வீட்டுத் தினசரி நாட்காட்டி கைகொடுக்கிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் பூமியோடு ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. அஷ்டமியில் இரண்டும் செங்கோணத்தில் நிற்கும்; ஒன்றின் இழுப்பை மற்றது குறைக்கும். கடல் உடனே கேட்டுவிடாது, ஒன்றிரண்டு நாள் தாமதிக்கும். எனவே நவமி, தசமியில்தான் தண்ணீர் மிகக் குறைவாக ஏறி இறங்கும். நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்று பெரியவர்கள் ஒதுக்கிவைத்த நவமியே அவர்களைப் படகேற்ற உகந்த நாள்!

வளர்பிறையா, தேய்பிறையா? மின்மினிக்கு இருட்டு வேண்டும். வளர்பிறை நவமியில் மாலையிலேயே நிலா தலைக்கு மேல் நிற்கும். தேய்பிறை நவமியில் நள்ளிரவு தாண்டித்தான் எழும். அமாவாசை இரவும் இருட்டுதான், ஆனால் பகலில் கடல் பெரிதாக ஏறி இறங்கும். தேய்பிறை நவமி ஒன்றே இரண்டுக்கும் பொருந்துகிறது. சிவகாசியில் அச்சான நாட்காட்டி என்றால் திதி நேரத்தோடு இரண்டரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

மணிக்கணக்கு வேண்டுமானால் நில அளவை, வரைபடத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஏற்றவற்ற அட்டவணை இருக்கிறது. அதில் 2.4 மீட்டர் என்றிருந்தால் துறையடியில் அவ்வளவு ஆழம் என்று பொருளல்ல. கடல் மிகவும் தாழும் ஒரு மட்டத்தைக் குறியாக வைத்து அளந்தது அது. ஏற்றம் நாளுக்கு ஐம்பது நிமிடம் அளவு தள்ளிப்போகும். போன வாரம் போய்வந்தவர் சொல்லும் நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

தீவில் என்ன பார்ப்பது? கிணறு 1789-இல் தோண்டியது, சீமைப்பலா 1890-இல் நட்டது, நாட்டிலேயே பழையது என்கிறார்கள். யார் ஒப்பிட்டுப் பார்த்தார்களோ, நிழல் நன்றாக இருக்கிறது.

சாப்பாடு? தீவுக்குப் பெயர் வாங்கித் தந்தது மீ ஊடாங் எனும் இறால் மீ. சைவர்கள் கரையிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுவது உத்தமம்.

'சூழல் சுற்றுலா' என்கிறார்களே? மின்மினி தங்கும் பெரெம்பாங் மரங்களை வெட்டாத வரை அந்தப் பெயர் செல்லும்.

ரயில்? பட்டர்வொர்த்தில் ஏறினால் சிம்பாங் அம்பாட்டிலும் நிபோங் திபாலிலும் கொமுட்டர் நிற்கும்.

பாலத்தில் டோல்? பினாங்குத் தீவுப் பக்கம் போகும்போது மட்டும்.

மின்னிலக்க வருகை அட்டைக்குக் கட்டணம்? கிடையாது; வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், பணம் கேட்கும் இணையதளம் அரசுடையதல்ல.

மழை வந்தால்? மின்மினியை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டவணைக்கு நிலா தெரியும், மேகம் தெரியாது.