தக்காளியைப் பறிக்கும் பக்குவம்

விதைப்பதும் நீர் ஊற்றுவதும் எளிதில் கைவரும் வேலைகள். விளைந்ததை எப்போது பறிப்பது என்று அறிவதே கடினம். நம் பள்ளித் தோட்டத்துத் தக்காளிச் செடிகள் சென்ற ஆண்டு இவ்வுண்மையை நமக்கு நன்கு உணர்த்தின.

மாணவர்கள் மூன்று மாதங்கள் பாடுபட்டு வளர்த்த செடிகளில் முதற்காய்கள் திரண்டிருந்தன. நன்கு சிவந்த பின்னரே பறிக்க வேண்டும் என்று நாம் கட்டளையிட்டிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமையன்று, நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் அடிப்புறம் சற்றே நிறம் மாறிய ஆறு காய்களைப் பறித்துவிட்டான். "மழை வரும், பறவை கொத்தும், இப்போதே பறித்துவிடு என்று பாட்டி சொன்னார், ஐயா" என்றான். நாம் அதற்குச் செவிசாய்க்கவில்லை. அவனைக் கடிந்துகொண்டு, பறித்தவற்றை அவனிடமே கொடுத்தனுப்பினோம்.

சனி, ஞாயிறு இரு நாளும் கனத்த மழை. திங்களன்று சென்று பார்த்தபோது, சிவக்கத் தொடங்கியிருந்த பழங்களுள் பல வெடித்திருந்தன. எஞ்சியவற்றை மைனாக்களும் அணில்களும் குதறியிருந்தன. அந்த வார இறுதியில் அம்மாணவன் ஆறு சிவந்த பழங்களைக் கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தான். பாட்டியின் அறிவு வென்றது, நாம் வெட்கினோம்.

பாட்டி செய்ததற்கு அறிவியல் விளக்கம் உண்டு. பறித்த பின்னும் பழுக்கும் இயல்புடைய கனிகளுள் தக்காளியும் ஒன்று. மாம்பழமும் வாழையும் அத்தகையனவே. முற்றிய காய் தனக்குள்ளேயே எத்திலீன் என்னும் வாயுவை உண்டாக்குகிறது. அவ்வாயுவே காயைக் கனியச் செய்கிறது. அடிப்புறத்தில் இளஞ்சிவப்போ மஞ்சளோ படரத் தொடங்கினால், அவ்வேலை உள்ளே தொடங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் பறித்து வீட்டில் வைத்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பழுத்துவிடும். செடியிலேயே பழுத்ததற்கும் இதற்கும் சுவையில் பெரிய வேறுபாடு இராது.

நிறம் மாறாத பச்சைக் காயைப் பறித்தால் என்ன? அது முற்றியதாயின் பழுக்கும். ஆயினும் சுவை குறையும். பிஞ்சாயின் பழுக்காது, சுருங்கி வீணாகும். முற்றியதா என அறிய மாணவர்கள் ஒரு சோதனை செய்யலாம். ஒத்த அளவுள்ள காய்களுள் ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். விதைகளைச் சுற்றிக் கொழகொழப்பு நிறைந்து, கத்திக்கு அகப்படாமல் விதைகள் நழுவினால் காய் முற்றிவிட்டது. விதைகளும் சேர்ந்து அறுபட்டால் அது இன்னும் இளங்காயே. அறுத்த காயைத் துவையலுக்குப் பயன்படுத்தலாம். பூத்ததிலிருந்து கனிவதற்கு ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும் என்பதையும் நினைவிற்கொள்க.

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறவும் நேரும். தக்காளியின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. மிதமான வெப்பமே அதற்கு உகந்தது. நம் நாட்டில் கேமரன் மலையில் அது செழிப்பதற்கும் அந்தக் குளிர்ச்சியே காரணம். நம் தோட்டப்புறங்களிலோ நண்பகலில் வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டுகிறது. அவ்வெப்பத்தில் சிவப்பு நிறம் தரும் பொருள் சரிவர உண்டாவதில்லை. மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. ஆகவே, கனிந்தும் ஆரஞ்சு நிறத்திலேயே நிற்கும் பழத்தை, இன்னும் சிவக்கவில்லையே என்று செடியில் விட்டு வைக்காதீர். மெல்லத் தொட்டால் சற்றே நெகிழ்ந்து கொடுப்பது கனிந்த பழம். மற்றக் காய்களுக்கு முந்திச் சிவக்கும் காயின் அடியையும் பாருங்கள். அடி கறுத்து நோயுற்ற காயும் முந்திப் பழுப்பதுண்டு.

பறிக்கும் முறை இது: காலையில் பனி உலர்ந்த பின் பறிக்க வேண்டும். காயை உள்ளங்கையில் தாங்கி, காம்பிலுள்ள கணுவைப் பெருவிரலால் அழுத்தி வளைத்தால் அது எளிதில் ஒடியும். இழுத்துப் பிடுங்கினால் கிளை முறியும்.

பறித்தவற்றை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், நிழலான காற்றோட்டமுள்ள இடத்தில் பரப்பி வையுங்கள். பழுக்க வெயில் தேவையில்லை. விரைவில் பழுக்க வேண்டுமாயின், காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்துடன் வைக்கலாம். வாழைப்பழமும் எத்திலீனை வெளிவிடும். தாய்மார்கள் அரிசிப் பானைக்குள் காய்களைப் புதைத்து வைப்பதும் அவ்வாயுவைக் காயருகே தேக்கி வைக்கும் வழியே. கனியாதவற்றைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாகாது. கடுங்குளிரில் கனிதல் தடைப்பட்டுச் சுவையும் மணமும் குன்றும்.

பெற்றோர்களே, வீட்டின் பின்புறத்தில் நான்கு செடிகள் இருந்தாலும், இம்முறையால் மழைக்கும் பறவைக்கும் போகும் பழங்கள் உங்கள் குழம்புக்கு வரும். மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டறியுங்கள். ஏட்டில் இல்லாத பாடங்கள் அவர்களிடம் உண்டு. இந்த ஆண்டு நம் பள்ளித் தோட்டத்தில், அடிப்புறம் நிறம் மாறியதுமே தக்காளி பறிக்கப்படுகிறது. பறிக்கும் நாளைக் குறிக்கும் பொறுப்பை அம்மாணவனிடமே ஒப்படைத்துள்ளோம்.