ஒரு நாள் மகிழ்ச்சிக்கும் கணக்கு உண்டு

“உல்லாசப் பயணமா? எங்களுக்கு எதற்கு?” கிராமங்களில் பெண்களைச் சந்திக்கும்போது நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. கணவனை இழந்தவள், காணாமற்போன பிள்ளையைத் தேடுபவள் கடைவீதியில் நின்று சிரித்தால் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயமும் அதற்குள் இருக்கிறது. அந்தச் சகோதரிகளுக்கு நான் ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பத்தைப் பற்றிச் சொல்வதுண்டு.

2023 இல் ஒரு பயிற்சிக்காகச் சிங்கப்பூர் சென்றிருந்தேன். என் விடுதியில் ஒரு தகப்பன், இரண்டு பிள்ளைகள், பாட்டி ஆகியோர் தங்கியிருந்தனர். மணிலாவிலிருந்து நான்கு நாட்களுக்கு வந்தவர்கள். தாய் அந்நகரில் ஒரு வீட்டில் பணிப்பெண்.

பிலிப்பைன்ஸ் அரசு 1974 முதல் தன் மக்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதைத் திட்டமிட்டே செய்து வருகிறது. தாய் அனுப்பும் பணத்தில் பிள்ளைகள் படிப்பதும், பாட்டி அவர்களை வளர்ப்பதும் எங்களுக்கும் தெரிந்த கதைதானே. சிங்கப்பூரில் பணிப்பெண்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது 2013 இல்தான் சட்டமானது. முதலாளி பணம் கொடுத்து அந்த நாளிலும் வேலை வாங்க முடிந்தது. 2023 முதல் மாதத்தில் ஒரு நாளையாவது கட்டாயம் ஓய்வாக விடவேண்டும்.

அந்த ஞாயிறு அவர்கள் என்னையும் அழைத்துச் சென்றார்கள். ஓச்சார்ட் வீதியிலுள்ள லக்கி பிளாஸா கடைத்தொகுதியில் ஞாயிறுகளில் பிலிப்பைன்ஸ் பெண்கள் திரளாகக் கூடுவார்கள். பணம் அனுப்பும் கடைகளும் அவர்கள் நாட்டுச் சாப்பாட்டுக் கடைகளும் அங்கே உண்டு. அவர்களுடைய நாட்டிலும் கடைத்தொகுதி என்பது வாங்க மட்டும் போகும் இடமல்ல. குளிர்காற்றில் நடக்கலாம், பொழுதைப் போக்கலாம். சிலவற்றில் ஞாயிறு பூசையும் நடக்கும்.

தாய் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கடித உறையில் பணம் வைத்துக் கொடுத்தாள். அதற்குள் அவர்கள் விருப்பம். மகள் மூன்று மாடி ஏறி இறங்கி விலை பார்த்து ஒரு செருப்பு வாங்கினாள். பயணம் போனவர் ஊருக்குக் கொண்டுசெல்லும் அன்பளிப்பை அவர்கள் ‘பசலுபோங்’ என்பார்கள். அதற்கென்று தனி உறை. பாட்டி அதில் அயலவருக்குச் சவர்க்காரமும் சொக்லேட்டும் வாங்கினாள்.

மதியம் புளி விட்ட ‘சினிகாங்’ சூப்பும், வினாகிரியும் உள்ளியும் சேர்த்துச் சமைத்த ‘அடோபோ’ இறைச்சியும் சோறும். பிறகு எங்கள் பலூடாவை நினைவூட்டும் ‘ஹாலோ ஹாலோ’: சீவிய ஐஸ், பால், இனிப்புப் பயறு. தாய் அதிகம் சாப்பிடவில்லை. மாதாமாதம் பணம் அனுப்புகிறேன், ஆனால் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்து மூன்று வருடமாகிறது என்றாள். அந்தப் பயணத்துக்காக அவள் இரண்டு வருடம் சேமித்திருந்தாள். கடன் ஒரு சதமும் இல்லை.

இதை வீண்செலவு என்று யார் சொல்ல முடியும்? உழைத்தவளின் கண்முன்னே உழைப்பின் பலன் தெரிந்த நாள் அது.

சகோதரிகளே, எங்களுக்குச் சிங்கப்பூர் வேண்டாம். திருகோணமலைக் கடற்கரை போதும், யாழ்ப்பாணத்தில் ஓர் ஐஸ்கிறீம் கடை போதும். சீட்டுக் காசோடு சேர்க்காமல் ஒரு தனி உண்டியல் வையுங்கள். எவ்வளவு செலவு என்று முன்பே பிள்ளைகளோடு பேசித் தீர்மானியுங்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள். துக்கம் காத்த வீட்டிலும் பிள்ளைகள் வளர்கிறார்கள். தாய் சிரித்த நாளொன்றும் அவர்கள் நினைவில் இருக்கட்டும்.