வாடை நின்னுட்டா ஆபத்து

போன மழையில எங்க மந்தைவெளி அபார்ட்மென்ட்ல சாக்கடை அடைச்சுக்கிச்சு. வாட்ஸ்அப் குரூப்ல உடனே ஒரு மெசேஜ்: "தெரிஞ்ச ஆள் இருந்தா அனுப்புங்க, உள்ள இறங்கிப் பார்க்கட்டும்." நானும் தம்ஸ்-அப் போட்டேன். இந்த எபிசோட் அந்தத் தம்ஸ்-அப்பைப் பத்திதான்.

வந்த அண்ணன் மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் குனிஞ்சு பார்த்தார். "இப்ப வாடையே இல்ல தம்பி, இறங்கலாம்" என்றார். எனக்கும் அது சரியாத்தான் பட்டது.

உண்மை நேர்மாறானது. ஆக்சிஜன் இல்லாத கழிவுல வாழுற பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளியிடும். கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை வாடை. காற்றுல பத்து லட்சத்துல 100 பங்கு ஆயிட்டா, சில நிமிஷத்துல மூக்கு மரத்துப்போகும். வாடை போயிருக்கும்; வாயு போயிருக்காது. சேற்றைக் கிளறினா அடைபட்ட வாயு மொத்தமா கிளம்பும். 1000-ஐத் தொட்டா ஒண்ணு ரெண்டு மூச்சுலயே ஆள் சரிஞ்சிடுவார். ரத்தத்துல ஆக்சிஜன் இருந்தும் உடம்போட செல்களால அதைப் பயன்படுத்த முடியாது. மூக்குல கட்டுற துண்டு இதைத் தடுக்காது.

மேல நிக்கிறவர், மயக்கம்னு நினைச்சுத் தூக்க இறங்குவார். அவரும் விழுவார். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெமிலியில, ஒரே செப்டிக் டேங்க்ல இப்படி ஒருத்தர் பின்னால ஒருத்தரா ஆறு பேர் இறந்தாங்க. அதுல ஒரு அப்பாவும் ரெண்டு மகன்களும் இருந்தாங்க.

பேப்பர்ல "விஷவாயு தாக்கி பலி"ன்னு போடுவாங்க. இறங்கச் சொன்னது யாருன்னு அந்த வரியில இருக்காது. 2013 சட்டப்படி, பாதுகாப்பு இல்லாம ஒருத்தரை சாக்கடையிலயோ செப்டிக் டேங்க்லயோ இறக்கினா, முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரை சிறை, அல்லது ரெண்டு லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டுமே. கூப்பிட்ட நமக்கும் இது பொருந்தும். இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது.

அன்னைக்கு எதிர்வீட்டு அக்காதான் ஓடி வந்து தடுத்தாங்க. 14420-க்கு போன் போட்டாங்க. மெஷின் வண்டி வந்தது. "அப்ப என் கூலி?"ன்னு அந்த அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. எல்லாரும் சேர்ந்து கொடுத்தோம், அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும். நாளைக்கு இன்னொரு தெருவுல அவரைக் கூப்பிடுவாங்க.

உங்க குரூப்ல அந்த மெசேஜ் வந்தா, தம்ஸ்-அப் போடாதீங்க. 14420-ஐப் போடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.